சந்தையில் வரும் குரல் கிராம சபையில் வரவில்லை. என்ன செய்யலாம்?

கேவுருக்கொல்லை | பாலக்கோடு பக்கம் | 19 ஜூலை 2025

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எனக்கு 38 வயது, பத்தாவது வரை படித்தவள். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாயில், அதாவது சின்னக் குக்கிராமத்தில், இருக்கிறோம். ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் ராகியும். 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் என்னை நிற்கச் சொன்னார்கள். ஜெயித்தேன். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும் வரை நான்தான் வார்டு உறுப்பினர். அந்த ஐந்து வருடத்தில் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்காரர் போய் உட்காருவார். சாயங்காலம் தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும். அடுப்படியிலிருந்து எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை.

இப்போது அது உறுத்துகிறது. காரணம் தண்ணீர். எங்கள் ஊராட்சிக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் வருகிறது. எங்கள் கொட்டாய் கடைசியில், மேட்டில் இருக்கிறது. சில வாரம் இரண்டு நாள் வரும், சில வாரம் வரவே வராது. வராத நாளில் போர்வெல் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளூரைடு என்ற உப்பு கலந்திருக்கும். அந்தத் தண்ணீர் என்ன செய்யும் என்று நம் தருமபுரி மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. என் பல்லெல்லாம் காவிக் கறை. சின்ன வயதிலிருந்தே முந்தானையால் வாயை மறைத்துத்தான் சிரிப்பேன், மறைத்துத்தான் பேசுவேன். போன மாதம் பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோவை மகள் கொண்டுவந்தாள். நான்காவது படிக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள், இவள் மட்டும் உள்ளங்கையால் வாயை மூடியிருக்கிறாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதா, யாராவது ஏதாவது சொன்னார்களா, தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மே 1 கிராம சபைக்கு நானே போயிருந்தேன். கை தூக்கி எழுந்தேன். சபையைக் கவனிக்க வந்திருந்த அதிகாரி, பற்றாளர், "என்னம்மா?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானை தானாக வாய்க்குப் போய்விட்டது. "தண்ணி..." என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் வரவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "வீட்டுக்காரரை அனுப்பும்மா, அவர் விவரமாச் சொல்லுவார்" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் புரியாதது இதுதான். பாலக்கோடு மார்க்கெட்டில் மண்டிக்காரரோடு ஒரு கிரேட் (பெட்டி) தக்காளிக்குப் பத்து ரூபாய் குறைத்தால்கூட விடமாட்டேன். அங்கேயும் சுற்றிலும் ஆண்கள்தான். அங்கே வருகிற குரல் இங்கே ஏன் வரவில்லை? ஆகஸ்ட் 15 அடுத்த சபை. இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.


மாந்தோப்பு | கிருஷ்ணகிரி | 19 ஜூலை

அக்கா, படித்ததும் என் கை என் வாய்க்குப் போனது. எனக்கும் அதே பல்தான். கல்லூரி முடியும் வரை வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். அது சுபாவம் இல்லை, தண்ணீர் செய்த வேலை என்று புரிய ரொம்ப வருடம் ஆனது. உங்கள் மகளுக்கு இதை இப்போதே சொல்லிவிடுங்கள். "உன் மேல் தப்பு இல்லை, நீ பல் தேய்க்காததால் வந்தது இல்லை" என்று. எனக்கு யாரும் சொல்லவில்லை.


முதல்குழு | பென்னாகரம் வட்டம் | 20 ஜூலை

மகளே, எனக்கு 67 வயது. பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. அது முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-இல். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள்ளேயே இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. ஐ.நா.வின் வேளாண்மை வளர்ச்சி நிதியத்திலிருந்து பணம் வந்தது. எங்கள் ஊரில் அடுத்த வருடம் குழு ஆரம்பித்தார்கள்.

முதல் கூட்டம் மாரியம்மன் கோயில் திண்ணையில். பதினாறு பேர். குழு அமைக்க வந்த பெண் எங்களைப் பேர் சொல்லச் சொன்னாள். ஒருத்திக்கும் வாய் வரவில்லை. ஒருத்தி "இன்னார் மருமகள்" என்றாள், ஒருத்தி "பெரியவன் அம்மா" என்றாள். நான் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லக்கூடாது என்பதால் கையால் ஜாடை காட்டினேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "அடுத்த வாரம் அவரவர் பேரை மட்டும் சொல்லுங்கள், போதும்" என்று எழுந்து போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க மாட்டுக்குப் புல் அறுக்கும்போது என் பேரை நானே சொல்லிப் பார்த்தேன். கல்யாணம் ஆகிப் பதினான்கு வருடத்தில் என் பேரை நானே உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மாதம் பத்து ரூபாய் சேமிப்பு. எட்டு மாதம் கழித்து பேங்குக்கு லோன் கேட்கப் போனோம். தலைவி மட்டும் போனாள், வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை ஐந்து பேர் போனோம். ஒருத்தி பேசுவது, நான்கு பேர் பின்னால் நிற்பது. பேசுகிறவளுக்குத் தொண்டை அடைத்தால் இரண்டாவது ஆள் அதே பேச்சைத் தொடர வேண்டும். யார் முதல், யார் இரண்டாவது என்று பஸ்ஸிலேயே பேசி வைத்துக்கொண்டோம். மூன்றாவது தடவை உள்ளே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

நீ மே 1-க்குத் தனியாகப் போயிருக்கிறாய். அதுதான் குறை. தைரியம் இல்லாததால் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறாய். பக்கத்தில் ஆள் இல்லாததால் உட்கார்ந்தாய். உன் கொட்டாயில் தண்ணீருக்குக் குடம் தூக்குகிற பெண்கள் எத்தனை பேர்? அவர்களைக் கூட்டிக்கொண்டு போ.


நெடுஞ்சாலை44 | காவேரிப்பட்டணம் | 20 ஜூலை

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 சதவீதம் கொடுத்தாகிவிட்டது. பஸ் இலவசம், மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை, காலேஜ் போகிற பெண்ணுக்கு ஆயிரம். கிராம சபைக்கு வராதே என்று எந்த ஊரில் யார் தடுத்தார்கள்? என் மனைவியை நான் தடுத்ததில்லை, அவளே வரமாட்டேன் என்கிறாள். ஐந்து வருடம் பதவியில் இருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டதைப் படிக்கவில்லை என்றால் அதற்கு ஊர் எப்படிப் பொறுப்பாகும்?


கேவுருக்கொல்லை | 20 ஜூலை

அண்ணா, கடைசியில் கேட்டது நியாயமான கேள்வி. படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்புதான். அதைச் சரிசெய்யத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஆனால் யாரும் தடுக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். எங்கள் சபை பதினொரு மணிக்கு. அது மதியச் சோறு வடிக்கிற நேரம், கறவை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரம். நாற்காலி இருபது போடுவார்கள், அதில் ஆண்கள் உட்காருவார்கள். பெண்களுக்கு ஓரமாக ஜமக்காளம். தரையில் உட்கார்ந்திருப்பவள் எழுந்து நின்று, நாற்காலியில் இருப்பவர்களைப் பார்த்துப் பேச வேண்டும். மைக் நாற்காலி வரிசைக்குள்ளேயே சுற்றும். பதவியேற்ற முதல் மாதம் நான் கூட்டத்துக்குப் போனேன். "நீ ஏம்மா சிரமப்படுறே, அவர் வந்தாப் போதும்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். டீ கொடுத்து அனுப்பினார்கள். திட்டியிருந்தால் ஒருவேளை ரோஷம் வந்திருக்கும்.

உங்கள் மனைவி ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று அவரிடம் கேட்டீர்களா?


படியேறுபவள் | தருமபுரி | 21 ஜூலை

வழக்கறிஞராக இருக்கிறேன். ஐந்து வருடப் பதவியைவிட இப்போது உங்கள் கையில் இருப்பது குறைந்ததில்லை என்று சொல்லத்தான் வந்தேன். கிராம சபையில் பேசப் பதவி வேண்டாம். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். பற்றாளர் உங்களுக்கு அனுமதி கொடுப்பவர் இல்லை, சபை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்தவர். இது மனதில் பதிந்தால் அவர் "என்னம்மா?" என்று கேட்கும்போது கை நடுங்காது.

சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றில் தவறினால் அடுத்தது இருக்கிறது. கோரிக்கையை எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் நீங்கள் சொன்னது எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கிப் படியுங்கள். காற்றில் போன பேச்சை வைத்து யாரையும் கேட்க முடியாது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். அந்த ஒன்றரை ஏக்கர் யார் பெயரில் இருக்கிறது? உங்கள் பிறந்த வீட்டில் நிலம் இருக்கிறதா? பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989-இல். அதிலும் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டார்கள். 2005-இல் மத்திய சட்டத் திருத்தம் வந்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில்தான் தீர்ந்தது, தேவையில்லை என்று. இத்தனைக்கும் பிறகு என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர் "அண்ணன் தம்பியோடு பேச்சு நின்றுவிடுமே" என்று தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள். அதுவும் படிக்காமல் போட்ட கையெழுத்துதான்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று யாரும் இருந்துவிட வேண்டாம். பெண்கள் எல்லோருக்குமே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். 15100-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.


கம்பெனிபஸ் | ஓசூர் | 21 ஜூலை

நான் அஞ்செட்டி பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறேன். 22 வயது. முதல்குழு பாட்டி சொன்ன "இரண்டாவது ஆள்" விஷயத்தை நான் வேறு இடத்தில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் லைனில் ஒரு சூப்பர்வைசர், பெண்கள் பாத்ரூம் போய் வந்தால் நேரத்தைச் சத்தமாகச் சொல்வார். கூடவே ஒரு பேச்சு. அதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆறு மாதம் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் நடக்கிறது என்று நினைத்திருக்கிறாள். ஹாஸ்டலில் ஒருநாள் துணி காயப்போடும்போது ஒருத்தி அழுதாள். அப்போதுதான் பேச்சு வந்தது. பார்த்தால் ஐந்து பேருக்கும் அதே கதை.

2013-இல் வந்த சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார் குழு கட்டாயம் இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். இதெல்லாம் கேன்டீன் சுவரில் ஒட்டியிருந்தது, நாங்கள் யாரும் படித்ததில்லை. நடந்து மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. கடைசி இரண்டு மாதத்தில் நடந்ததைத் தேதி போட்டு எழுதினோம். நான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். ஐந்தாவது பெண் போடவில்லை. அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், பேர் வெளியே வந்தால் நின்றுபோகும் என்று பயம். நாங்கள் அவளைக் குறை சொல்லவில்லை.

விசாரணையில் என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். குரல் நடுங்கியது உண்மை. ஆனால் நின்றுபோகவில்லை, ஏனென்றால் வெளியே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அது போதாது என்றுதான் தோன்றியது. ஆனால் இப்போது லைனில் யாரும் நேரம் சொல்வதில்லை.

அக்கா, நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்குகிற குரலிலேயே பேசலாம்.


சித்தேரிமலை | அரூர் | 22 ஜூலை

குரல், சாட்சி என்று பேசும்போது எங்கள் அரூர் பக்கத்து வாச்சாத்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. நடந்தது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்றன, வழக்கு சிபிஐக்குப் போனது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் அதே செப்டம்பர் 29, உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 31 வருடம்.

அவர்களில் பலர் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். தங்களுக்கு நடந்ததை, அதுவும் அப்படிப்பட்டதை, நீதிமன்றத்தில் அந்நிய ஆண்களுக்கு நடுவே நின்று சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அவர்களைப் பற்றிப் பேசும்போது அம்மா குரலைத் தாழ்த்துவாள், அவமானத்தைப் பேசுகிற மாதிரி. தீர்ப்பு வந்த அன்று அம்மா முதல்முறையாக உரக்கச் சொன்னாள், "நம்ம பொம்பளைங்க சாதிச்சிட்டாங்க" என்று. எனக்கு அது மறக்காது.


மாந்தோப்பு | 22 ஜூலை

இதைப் படித்த பிறகு தண்ணீர் விஷயம் சின்னது என்று அக்கா ஒதுக்கிவிடக்கூடாது. அதுதான் என் பயம்.


சித்தேரிமலை | 22 ஜூலை

நான் ஒப்பிடவில்லை. அவர்களிடம் படிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்றுதான் சொன்னேன். சொன்னதை மாற்றாமல், ஒரே மாதிரி, கேட்கிற ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தண்ணீருக்கும் அது பொருந்தும்.


சுண்ணாம்புக்கட்டி | தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | 23 ஜூலை

அம்மா, சந்தையில் வரும் குரல் சபையில் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். நான்கு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் எல்லோருக்கும் தெரியும். ஔவை இன்னொரு நாள் செய்ததைப் பாடப் புத்தகத்தைத் தாண்டி அதிகம் பேசுவதில்லை. பரிசில் கேட்டு வந்தவளை அதே அதியமான் காக்க வைத்துவிட்டான். அவள் வாயில்காப்போனைப் பார்த்துப் பேசுகிறாள். உன் அரசனுக்குத் தன் தரம் தெரியவில்லையா, என் தரம் தெரியவில்லையா? கோடரி எடுத்த தச்சன் பிள்ளைகளுக்குக் காட்டில் மரம் கிடைக்காமல் போகாது, எங்களுக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு என்கிறாள். யாழைத் தோளில் மாட்டி, பையைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்கிறாள். அவளையே அவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் தூதும் அனுப்பியிருக்கிறான்.

அந்தப் பேச்சுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது? தன் தொழில் தனக்குத் தெரியும் என்பதிலிருந்து. மண்டியில் உங்களுக்குக் குரல் வருவதும் அதனால்தான். கிரேட்டில் எத்தனை கிலோ, நேற்று என்ன விலை, ராயக்கோட்டையில் என்ன விலை என்பது உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. சபையில் "தண்ணி" என்று ஆரம்பித்தபோது உங்கள் கையில் கணக்கு இல்லை. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்றே ஒரு நோட்டு எடுங்கள். எந்தத் தேதி ஒகேனக்கல் தண்ணீர் வந்தது, எத்தனை மணி நேரம், எத்தனை குடம். ஆகஸ்ட் 15-க்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்தத் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஜப்பான் கடன் வாங்கிக் கட்டியதே இந்த ஃபுளூரைடு பாதிப்பைக் குறைக்கத்தான், திட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

போர் தண்ணீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. உங்கள் போரில் எவ்வளவு? குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது. ஊரிலேயே சோதித்துப் பார்க்கும் பெட்டியும் உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றே இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்த ஐந்து பேர் யார் என்று கேளுங்கள். தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஃபுளூரைடு காய்ச்சினால் போகாது. கறை விழுவது பல் உருவாகிற வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள். அதனால் கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்குத்தான் முதல் அவசரம்.

பேச்சுக்கு ஒரே ஒரு யோசனை. முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மீதியைப் பார்த்துப் படியுங்கள். 34 வருடம் பாடம் எடுத்த நானும் புது வகுப்புக்குப் போகும்போது அப்படித்தான் செய்தேன்.


நெடுஞ்சாலை44 | 24 ஜூலை

மனைவியிடம் கேட்டேன். "நீங்க ஒருநாளும் வான்னு கூப்பிட்டதில்லையே" என்றாள். வரவேண்டாம் என்று சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. நாற்காலி, ஜமக்காளம் விஷயமும் எங்கள் ஊரில் அப்படியேதான்.

ஒன்று மட்டும் இப்போதும் சொல்வேன். வீட்டுக்காரரை எதிரியாக்கிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். சபையில் ஜெயித்து வீட்டில் பேச்சு இல்லாமல் போனால் பிள்ளைகள்தான் கஷ்டப்படும்.


கேவுருக்கொல்லை | 24 ஜூலை

கேட்டதற்கு நன்றி அண்ணா. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடிப்பதில்லை. "நான் பேசுறேன், நீ எதுக்கு" என்பார். ஐந்து வருடம் அவரும் அந்தக் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, ஏனென்றால் குடம் தூக்குகிறவர் அவர் இல்லை. அதை நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். கோபத்தோடு இல்லை, சோறு போடும்போது சாதாரணமாக. ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

நோட்டுப் போட ஆரம்பித்துவிட்டேன். மகள்தான் தேதி எழுதுகிறாள்.


முதல்குழு | 24 ஜூலை

இந்த அண்ணன் சொன்னதற்கு ஒரு பதில். வீட்டில் பேச்சு இல்லாமல் போகும் என்று பயந்து என் தலைமுறை முழுக்க வாயை மூடி வைத்திருந்தது. அப்போதும் வீட்டில் பேச்சு இல்லை. அவர்கள் பேசினார்கள், நாங்கள் கேட்டோம். அதற்குப் பேர் பேச்சு இல்லை.


கேவுருக்கொல்லை | 17 ஆகஸ்ட் 2025

நேற்று முன்தினம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள், ஆறு பேர் வந்தார்கள். ஒருத்திக்கு மாமியார் விடவில்லை, ஒருத்தி களையெடுக்கப் போய்விட்டாள். பத்தரைக்கே போய் நாற்காலியில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து "பெரியவங்க வர்றாங்க, கொஞ்சம் கீழே உட்காருங்கம்மா" என்றார். பக்கத்துவீட்டு அக்கா "எனக்கு முட்டி வலி" என்று அசையாமல் இருந்தாள். அவளுக்கு நிஜமாகவே முட்டி வலிதான், இருபது வருடமாக இந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள். நாங்களும் எழுந்திருக்கவில்லை.

எழுந்து நின்றேன். கை வாய்க்குத்தான் போனது. அந்த அக்கா கீழேயிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசி முடிக்கும் வரை விடவில்லை. முதல் வாக்கியத்தைச் சொன்னேன்: "ஜூலை 23-லிருந்து ஆகஸ்ட் 14 வரை 23 நாளில் எங்கள் கொட்டாய்க்கு ஒகேனக்கல் தண்ணீர் ஐந்து நாள் வந்திருக்கிறது." அதுவரை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த பற்றாளர் நிமிர்ந்தார். மீதியைப் பார்த்துப் படித்தேன். போர் தண்ணீரைச் சோதித்த அறிக்கை எங்கே என்று கேட்டேன். பயிற்சி பெற்ற ஐந்து பெண்கள் யார் என்று கேட்டேன். செயலர் ஒரு பேரைச் சொன்னார், அவர் கல்யாணமாகி ஓசூர் போய் இரண்டு வருடம் ஆகிறது. மீதி நான்கு பேர் சொல்ல வரவில்லை.

பின்னாலிருந்து அதே குரல், "யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்குது" என்றது. சட்டென்று தடுமாறிவிட்டேன். அப்போது எங்களில் சின்னவள், பிள்ளைத்தாய்ச்சி, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "எழுதினது நாங்க. எந்த நாள் எத்தனை குடம்னு கேளுங்க, பாக்காமச் சொல்றேன்." அவளிடம் யாரும் கேட்கவில்லை. நான் தொடர்ந்து படித்தேன்.

முடிந்ததும் கிளம்பாமல் நின்றோம். தீர்மானப் புத்தகத்தைக் கேட்டபோது "அப்புறம் வந்து பாருங்கம்மா" என்றார்கள். இருக்கிறோம் என்றோம். ஒரு மணிக்குக் காட்டினார்கள். "குடிநீர்ப் பிரச்சினை விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வரி. எங்கள் கொட்டாயின் பேர் இல்லை, போர் இல்லை, சோதனை இல்லை. பேரைப் போட்டு, தண்ணீர் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதும் வரை நகரவில்லை. எழுதினார்கள். ஆறு பேரும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். வக்கீல் அம்மாவுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்காரர் சபைக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருந்தார், சோறு வடித்துவைத்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். உட்கார்ந்து முழுவதும் சொன்னேன்.

நேற்றுக் காலை டேங்க் ஆபரேட்டர் வந்து போரிலிருந்து இரண்டு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். எந்த போர், என்ன தேதி என்று பாட்டில் மேலே எழுதவில்லை. மகள் ஓடிப்போய் ஸ்கெட்ச் பேனா எடுத்து வந்து எழுதிக் கொடுத்தாள்.

வாத்தியார் ஐயா, அறிக்கை எத்தனை நாளில் வரும், யாரிடம் வாங்க வேண்டும்? அதில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். அக்டோபர் 2-க்குள் கையில் வைத்திருக்க வேண்டும். மாமியார் விடாத அந்தப் பெண்ணை அன்றைக்குக் கூட்டிப்போக என்ன வழி என்றும் யாராவது சொல்லுங்கள்.


முதல்குழு | 17 ஆகஸ்ட்

மாமியாரையும் சேர்த்துக் கூப்பிடு. அவளும் முப்பது வருடம் குடம் தூக்கியவள்தான்.